வீட்டில் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவ: இருட்டறையைவிடத் தண்ணீரைக் கவனியுங்கள்

கேள்வி இது: "கடலூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒரு பழைய 35 எம்எம் கேமரா கிடைத்திருக்கிறது. கறுப்பு வெள்ளை பிலிமை நானே கழுவிப் பார்க்க ஆசை. வீட்டில் டார்க்ரூம் அமைக்க என்னென்ன வாங்க வேண்டும்? குளியலறை போதுமா?"

பிலிம் கழுவ மட்டும் என்றால் தனி அறையே வேண்டாம். பிலிமை அதன் டப்பாவிலிருந்து எடுத்து, ரீலில் சுற்றி, டேங்க் என்கிற வெளிச்சம் புகாத டப்பாவுக்குள் வைத்து மூடும் வரைதான் முழு இருட்டு தேவை. பழகிய கைக்கு அது ஐந்து நிமிட வேலை. அதையும் சேஞ்சிங் பேக் என்கிற கறுப்புத் துணிப் பைக்குள் கைவிட்டே முடித்துவிடலாம். மூடி திருகியாகிவிட்டால் மீதி வேலை முழுவதும் பட்டப்பகலில், வராந்தாவில் உட்கார்ந்து செய்யலாம். சினிமாவில் பார்க்கிற சிவப்பு விளக்கு பிரிண்ட் போடும் காகிதத்துக்கு உரியது. இன்று கடையில் கிடைக்கும் சாதாரண கறுப்பு வெள்ளை பிலிம் சிவப்பு வெளிச்சத்தையும் பதிவு செய்துகொள்ளும். அதன் முன்னால் எந்த விளக்கும் கூடாது. ஸ்மார்ட் வாட்சின் மினுக்கல்கூடக் கூடாது.

ஆகவே அறைக்கு ஒதுக்கிய பணத்தை வேறு இரண்டு விஷயங்களுக்குத் திருப்புங்கள்: சூடு, தண்ணீர். டெவலப்பர் (பிலிமில் பதிந்த படத்தைத் தெரியவைக்கும் மருந்து) டப்பாவில் எழுதியிருப்பது 20 டிகிரி செல்சியஸுக்கான நேரம். கடலூரிலும் புதுச்சேரியிலும் மார்கழி விடியற்காலையில்கூடக் குழாய்த் தண்ணீர் அவ்வளவு குளிராது. சித்திரையில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் கை வைக்க முடியாமல் கொதிக்கும். கூடவே கடலோர போர் தண்ணீரின் உப்பு. இங்கே தொடங்குகிறவர்களின் முதல் ரோல் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றால்தான் கெடுகிறது.

முதலில் சாமான்கள். டேங்க் வாங்கும்போது பேட்டர்சன் மாதிரியான, இரண்டு ரீல் கொள்ளும் பிளாஸ்டிக் டேங்காக வாங்குங்கள். ஒரே ஒரு 35 எம்எம் ரோலுக்கு 290 மி.லி. போதும்தான். ஆனால் இரண்டு ரீல் டேங்கில் 600 மி.லி. ஊற்றலாம், அந்தக் கூடுதல் திரவம் சீக்கிரம் சூடேறாது, டெவலப்பரை அதிகமாகக் கரைத்தும் பயன்படுத்தலாம். நம் ஊருக்கு இந்த இரண்டும் முக்கியம். ஒரு ரோல் மட்டும் கழுவும்போது பிலிம் உள்ள ரீலைக் கீழேயும், காலி ரீலை அதன் மேலேயும் வையுங்கள். இல்லாவிட்டால் கவிழ்க்கும்போது ரீல் மேலே நழுவி, பிலிமின் ஓர் ஓரம் திரவத்துக்கு வெளியே நின்றுவிடும். நடுத்தண்டு என்று ஒரு கறுப்புக் குழாய் வரும். அதுதான் வெளிச்சத்தைத் தடுக்கிறது. அதைப் பைக்குள் எடுத்துவைக்க மறந்தால் ரோல் முழுவதும் போச்சு.

சேஞ்சிங் பேக்கில் இரட்டை ஜிப்பும் இரட்டைத் துணியும் இருக்க வேண்டும். நடுவே கம்பி வைத்துக் கூடாரம்போல் நிற்கும் வகை கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் நம் பக்கத்துப் புழுக்கத்துக்கு அதுவே நல்லது. சாதாரணப் பை கைமேல் ஒட்டிக்கொள்ளும்; ஐந்து நிமிடத்தில் உள்ளே வியர்வை ஆவி நிறைந்துவிடும். ஈரம் பட்ட பிலிமின் ஜெலட்டின் உப்பிப் பிசுபிசுக்கும், ரீலின் பள்ளத்தில் பாதி ஏறி நின்றுவிடும். அப்போது பலவந்தமாகத் தள்ளினால் பிலிம் மடிந்து, படத்தில் பிறை வடிவக் கறை விழும். வழி இதுதான்: பிலிமையும் ரீலையும் டேங்குக்குள் போட்டு மூடிவிட்டுக் கையை வெளியே எடுங்கள். மின்விசிறியின் கீழ் பத்து நிமிடம் கையைக் காயவிட்டு மறுபடி தொடங்குங்கள். அதற்கு முன்பே ரீல் நூற்றுக்கு நூறு காய்ந்திருக்க வேண்டும். காலையில் கழுவிய ரீலைச் சாயங்காலம் பயன்படுத்துவதாக இருந்தால், பால் பேரிங் குண்டு உள்ள இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். பிலிமின் முனையைக் கத்தரிக்கும்போது இரண்டு மூலைகளையும் லேசாக வளைவாக வெட்டிவிட்டால் ரீலில் சிக்காமல் ஏறும். கெட்டுப்போன ரோல் ஒன்றை வைத்து, முதலில் கண்ணைத் திறந்தும் பிறகு கண்ணை மூடியும், தடுமாறாமல் ஏறும் வரை சுற்றிப் பழகுங்கள்.

பை வேண்டாம், குளியலறையில்தான் செய்வேன் என்றால் ராத்திரியில் செய்யுங்கள். கதவடியில் கனமான துணியைச் செருகி, வென்டிலேட்டரைக் கறுப்பு பாலிதீன் தாளை இரண்டு மடிப்பாக மடித்து ஒட்டி அடையுங்கள். பிறகு உள்ளே பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் பழகிய பிறகு, கையில் பிடித்த வெள்ளைக் காகிதம் தெரிந்தால் எங்கோ வெளிச்சம் கசிகிறது. கீசரின் சின்ன இண்டிகேட்டர் விளக்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மற்றவை சில்லறைச் சாமான்கள்: 600 மி.லி. அளவு குறித்த மூன்று ஜக்குகள், 10 மி.லி. சிரிஞ்சு, கிராம் காட்டும் சிறிய எடைமேடை, பிலிம் டப்பாவின் மூடியைத் திறக்க பாட்டில் ஓப்பனர், வட்ட முனைக் கத்தரிக்கோல், நைட்ரைல் கையுறை. தெர்மாமீட்டர் மட்டும் நல்லதாக வேண்டும். காய்ச்சல் பார்க்கிறது உதவாது; அதன் அளவு 35-க்கு மேல்தான் தொடங்கும். ஆய்வகக் கண்ணாடி தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, பொடித்த ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்று கூடவோ குறையவோ காட்டினால், அந்த வித்தியாசத்தை அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இனி சூடு. 20 டிகிரிக்கு இறக்க முயல வேண்டாம். 24 டிகிரியைக் குறி வையுங்கள். எட்டவும் முடியும், வேலை முடியும் வரை நிலைக்கவும் செய்யும். 20 டிகிரிக்கான நேரத்தில் ஏறக்குறைய 0.7 பங்கு 24 டிகிரிக்கு வரும். எடுத்துக்காட்டாக இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ் பிலிமுக்கு டி-76 டெவலப்பரை 1+1 அளவில் (ஒரு பங்கு மருந்துக்கு ஒரு பங்கு தண்ணீர்) கரைத்தால் 20 டிகிரியில் 11 நிமிடம். 24 டிகிரியில் சுமார் 8 நிமிடம். அதையே 30 டிகிரியில் செய்தால் 5 நிமிடத்துக்குக் கீழே இறங்கிவிடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் டெவலப்பர் பிலிம் முழுவதும் ஒரே சீராக வேலை செய்யாது. ஊற்றவும் வடிக்கவும் ஆகும் பத்து இருபது விநாடியே படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

குளிர்விப்பதற்குக் கணக்கு எளிது. குழாய்த் தண்ணீர் 32 டிகிரி, பிரிட்ஜ் தண்ணீர் 8 டிகிரி என்று வையுங்கள். 24 வேண்டுமானால் குழாய் இரண்டு பங்கு, பிரிட்ஜ் ஒரு பங்கு: 400 மி.லி.க்கு 200 மி.லி. டெவலப்பர் ஸ்டாக் (இன்னும் நீர்க்கவைக்காத மூலக் கரைசல்) பாட்டில் அறைச் சூட்டில் 32-இல் இருந்தால், அதில் 300 மி.லி. எடுத்து 16 டிகிரித் தண்ணீர் 300 மி.லி. சேர்த்தால் 24-க்கு வந்துவிடும். அந்த 16 டிகிரிக்கு பிரிட்ஜ் தண்ணீர் 200, குழாய்த் தண்ணீர் 100. ஸ்டாக் பாட்டிலையே பிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் உப்புகள் படிகமாகப் பிரியலாம், வீட்டில் யாராவது குடித்துவிடும் ஆபத்தும் உண்டு.

ஒரு ரோலுக்கான முழுத் தண்ணீரையும் முன்கூட்டியே பக்கெட்டில் தயார் செய்யுங்கள். 5 லிட்டர் 32 டிகிரித் தண்ணீரை 24-க்கு இறக்கச் சுமார் 380 கிராம் ஐஸ் போதும். டேங்கும் ஜக்குகளும் நிற்க ஒரு அகலமான பிளாஸ்டிக் டப்பில் அரையளவு தண்ணீர் ஊற்றி, அதில் உறையவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றைப் போட்டும் எடுத்தும் 24-இல் நிறுத்துங்கள். கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் மீனுக்கு விற்கிற ஐஸ் இந்த வெளி டப்புக்குத் தாராளமாகப் போதும், திரவத்துக்குள் மட்டும் போடக் கூடாது. மண்பானைத் தண்ணீர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பானை குளிர்வது ஆவியாவதால். கடல்காற்றில் ஈரம் அதிகம் உள்ள நாளில் ஆவியாவது குறைவு. கோடையில் பானை 26, 27-க்குக் கீழே இறங்குவது கஷ்டம். ஆனாலும் 34-இலிருந்து 27 வரை ஐஸ் செலவில்லாமல் கொண்டுவர அது நல்ல வழி. பிரிட்ஜே இல்லை என்றால் இன்னொரு உபாயம்: ஐடி-11 டெவலப்பரை 1+3 என்று கரையுங்கள். ஹெச்பி5 பிளஸுக்கு 20 டிகிரியில் 20 நிமிடம். 28 டிகிரியில் பத்தரை நிமிடம் என்று தொடங்கிப் பார்க்கலாம். 600 மி.லி. டேங்கில் ஒரே ஒரு ரோல் மட்டும் போடுங்கள். அப்போதுதான் 150 மி.லி. ஸ்டாக் அதற்குக் கிடைக்கும்.

எந்தச் சூட்டில் செய்தாலும் டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப், படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர், அலசும் தண்ணீர் நான்கும் இரண்டு டிகிரிக்குள் ஒன்றாக இருக்கட்டும். டெவலப்பரை ஐஸ் போட்டுக் கவனமாக இறக்கிவிட்டு, கடைசியில் மாடித் தொட்டியின் சுடுதண்ணீரில் அலசுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கிற தவறு. ஜெலட்டின் இளகி, நகம் பட்டாலே உரியும்.

தண்ணீருக்கு வருவோம். கடலோரத்தில் போர் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும் தெருக்கள் புதுச்சேரியிலும் கடலூரிலும் நிறைய. டெவலப்பர் கலக்க 20 லிட்டர் கேன் தண்ணீர் போதுமானது. அலசுவதற்கு முனிசிபல் தண்ணீர் சரி. கடைசி முங்கலுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுவதற்காக பெட்ரோல் பங்கில் விற்கிறார்களே, அதுதான். வாங்கும்போது லேபிளைப் பாருங்கள், ஆசிட் கலந்த கேனை எடுத்துவிடாதீர்கள். அதில் ஒரு லிட்டருக்கு 5 மி.லி. போட்டோ ஃப்ளோ சேர்த்தால் தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிந்துவிடும். அளவு கூடினால் பிசுக்கு படியும். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். அதன் வாசனையும் நிறமும் பிலிமில் தங்கும்.

மருந்துகளில், தொடக்கத்துக்கு பாக்கெட்டில் வரும் டி-76 அல்லது ஐடி-11 வாங்குங்கள். தூளை எடைபோட்டுக் கலக்க விருப்பம் இருந்தால் டி-76 சூத்திரம் வெளிப்படையானதுதான்: மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், மொத்தம் 1 லிட்டர். 50 டிகிரி சூட்டில் 750 மி.லி. தண்ணீரில் ஒரு சிட்டிகை சல்ஃபைட் போட்டு, பிறகு மெட்டால், அது முழுக்கக் கரைந்த பிறகே மீதியை இதே வரிசையில் சேர்க்க வேண்டும். சல்ஃபைட்டை முழுவதுமாக முதலில் கொட்டிவிட்டால் மெட்டால் கரைய மறுக்கும்.

லேப் கெமிக்கல் கடையில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். சோடியம் சல்ஃபைட், சோடியம் சல்ஃபேட், சோடியம் சல்ஃபைடு மூன்றும் வெவ்வேறு சரக்கு, கடைசியானது நச்சு. சீட்டில் எழுதிக் கொடுத்து, டப்பாவின் லேபிளை நீங்களே படித்து வாங்குங்கள். இரண்டாவது, படிகமாக வரும் சல்ஃபைட்டில் பாதி எடை தண்ணீர். 100 கிராமுக்குப் பதில் 200 கிராம் போட வேண்டும்.

கலந்த ஸ்டாக்கை ஒரு பெரிய பாட்டிலில் பாதியாக வைக்காமல், 300 மி.லி. கண்ணாடி பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். ஒரு ரோலுக்கு ஒரு பாட்டில். 1+1-க்குக் கரைத்ததை ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிட வேண்டும். அதே 600 மி.லி.யில் இரண்டு ரோல் போட்டால் நேரத்தைப் பத்து சதவீதம் கூட்டுங்கள். டீ நிறத்துக்கு வந்த டெவலப்பரை இரக்கம் பார்க்காமல் ஊற்றிவிடுங்கள்.

ஸ்டாப் பாத்துக்கு மளிகைக்கடை சிட்ரிக் ஆசிட், லிட்டருக்கு 15 கிராம். ஃபிக்ஸருக்கு ரேபிட் ஃபிக்ஸர் 1+4 இருந்தால் 3 முதல் 5 நிமிடம். பழைய ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருந்த சாதா ஹைப்போவும் நன்றாகவே வேலை செய்யும்: படிக ஹைப்போ 240 கிராம், சல்ஃபைட் 10 கிராம், 1 லிட்டர் தண்ணீர், பத்து நிமிடம். ஹைப்போ கரையும்போது தண்ணீர் சில்லென்று குளிர்ந்துவிடும், அதனால் சூடான தண்ணீரில் தொடங்குங்கள். டி-மேக்ஸ், டெல்டா வகைப் பிலிம்களுக்கு ரேபிட் ஃபிக்ஸரே வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிக்ஸர் உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பிலிமின் நாக்கை (ரோலின் தொடக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை) வெட்டி எடுத்த துண்டை வெளிச்சத்திலேயே ஃபிக்ஸரில் போடுங்கள். பால்போல் இருந்தது கண்ணாடியாகத் தெளிய எவ்வளவு நேரமோ, அதைப்போல் இரு மடங்கு பிலிமுக்கு. டி-மேக்ஸ், டெல்டாவுக்கு மூன்று மடங்கு. புதிதில் ஆன நேரம் இரட்டிப்பானால் அந்த ஃபிக்ஸர் முடிந்தது.

வேலை நாளில் வரிசை இப்படி. டெவலப்பரை டேங்கில் ஊற்றி, நேரத்தை ஓடவிட்டு, முதல் பத்து விநாடியில் நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். டேங்கின் அடியைத் தரையில் இரண்டு தட்டு தட்டினால் குமிழிகள் விட்டுப்போகும். அதன்பின் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நான்கு கவிழ்ப்பு, இடைநேரத்தில் டப்பிலேயே நிற்கட்டும். பதற்றத்தில் நிற்காமல் ஆட்டினால் ஓரத் துளைகளின் வழியே திரவம் பாய்ந்து கோடு விழும். கடைசிப் பதினைந்து விநாடியில் வடிக்கத் தொடங்குங்கள். ஸ்டாப் அரை நிமிடம். ஃபிக்ஸர், மேலே சொன்ன நேரம். அலச, டேங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். மறுபடி நிரப்பிப் பத்து முறை. மறுபடி இருபது முறை. இல்ஃபோர்ட் சொல்லிக்கொடுத்த இந்த முறையில் இரண்டு லிட்டருக்குள் வேலை முடிகிறது. குழாயைத் திறந்து அரை மணி நேரம் விடுவதைவிட இதுவே மேல். தண்ணீர் மிச்சம் என்பதோடு, தயார் செய்த 24 டிகிரித் தண்ணீரிலேயே அலசி முடிக்கலாம்.

காயவைப்பதில் அவசரம் கூடாது. குளியலறைத் தரையில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிவிட்டால் தூசி அடங்கும். மேலே ஒரு கிளிப், கீழே பிலிம் சுருளாமல் கனத்துக்கு இன்னொரு கிளிப். கதவை மூடிவிட்டு வந்துவிடுங்கள். மின்விசிறி, கடல்காற்று வரும் ஜன்னல் இரண்டும் வேண்டாம். கோடையில் நாலு மணி நேரம், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி முழுக்க. விரலால் வழிப்பது, துணியால் துடைப்பது எதுவும் கூடாது. காய்ந்ததும் பாலிபுரொப்பிலீன் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லுடன் இறுக்க மூடும் டப்பாவில் வையுங்கள். பிவிசி உறை நம் புழுக்கத்தில் பிலிமோடு ஒட்டிக்கொள்ளும். புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. இதே கடற்கரை ஊரில் படம் நிலைப்பது ஃபிக்ஸரிலும் அலசலிலும் வைக்கும் இடத்திலும்தான் இருக்கிறது.

நெகட்டிவ் சரியில்லை என்றால் முதலில் ஓரத்தைப் பாருங்கள். ஓர எழுத்தும் எண்ணும் கறுப்பாக நன்றாகத் தெரிகின்றன, படம் மட்டும் இல்லை என்றால் கழுவியதில் குற்றமில்லை. கேமராவில் பிலிம் நகரவேயில்லை. எழுத்தும் இல்லை, முழுக்கக் கண்ணாடி என்றால் டெவலப்பர் செத்துப்போனது, அல்லது ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டீர்கள். பால்போல் மங்கலாக இருந்தால் ஃபிக்ஸிங் போதவில்லை. வெளிச்சத்திலேயே மறுபடி புது ஃபிக்ஸரில் போட்டுக் காப்பாற்றலாம். சிறு வட்டத் தெளிவுப் புள்ளிகள் குமிழி. ஒரு பக்க ஓரம் மட்டும் நெடுகிலும் வெளுத்திருந்தால் திரவம் போதவில்லை. சுண்ணாம்புபோல் கறை காய்ந்திருந்தால் கடைசித் தண்ணீரின் உப்பு. டிஸ்டில்டு வாட்டரில் மறுபடி ஊறவைத்துத் தொங்கவிடுங்கள். எல்லாப் படமும் அளவுக்கு மீறிக் கறுத்திருந்தால், இங்கே முதல் சந்தேகம் தெர்மாமீட்டர் மேல்.

மெட்டால் சிலருக்குக் கையில் அரிப்பும் கொப்புளமும் தரும். கையுறை போடுங்கள், தூளை எடைபோடும்போது மாஸ்க்கும் போடுங்கள். சமையல் பாத்திரம், கரண்டி எதையும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் மருந்து வைக்கவே வேண்டாம். குழந்தை உள்ள வீட்டில் பூட்டு போட்ட அலமாரி வேண்டும்.

பயன்படுத்திய டெவலப்பரையும் ஸ்டாப்பையும், வீட்டில் பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால், நிறையத் தண்ணீருடன் அதில் விடலாம். ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கிறது. செப்டிக் டேங்கும் போரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வீடுகளில் அதை மண்ணில் ஊற்றுவது பெரிய தப்பு. ஐந்து லிட்டர் கேனில் சேர்த்து, ஸ்டீல் உல் போட்டு ஒரு வாரம், பத்து நாள் விடுங்கள். இரும்பு கரைந்து வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் இறங்கும். தெளிந்ததை வடித்துவிட்டு, சேற்றைத் தனி டப்பாவில் லேபிள் ஒட்டிச் சேர்த்துவையுங்கள். வெள்ளி உருக்குபவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.